மாற்றிப் போட்ட ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி சரியாகக் கியர் மாறவில்லையா? மறுபடி இறக்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

புதிதாகப் பொருத்திய ஆட்டோமேட்டிக் கியர் பெட்டி சோதனை ஓட்டத்தில் தடுமாறினால், பட்டறையில் முதலில் எழும் பேச்சு "பெட்டி சரியில்லை, இறக்கிவிடலாம்" என்பதுதான். அந்தப் பேச்சைக் கேட்டு ஒரே டிப்பரின் பெட்டியை இரண்டு முறை இறக்கி ஏற்றியவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் இடைப்பட்ட ஒரு பட்டறையில், கல் குவாரியில் ஓடிய ஆறு கியர் டிப்பர் ஒன்றுக்கு, வேறொரு வண்டியில் இருந்து கழற்றிய பெட்டியைப் பொருத்தினோம். வண்டி மூன்றாவது கியரிலேயே நின்றது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. "ஏனுங்ண்ணா, மாத்திப் போட்டும் மூணுலயே நிக்குதுங்களே?" என்று உரிமையாளர் கேட்டபோது எங்களிடம் பதில் இல்லை. இறக்கிப் பிரித்தோம், குறை தென்படவில்லை. ஏற்றினோம், அதே மூன்றாவது கியர். மறுபடி இறக்கி ஏற்றியும் அதேதான். கடைசியில், சேசிஸுக்குப் புதிதாகப் பெயிண்ட் அடித்தபோது ஒரு போல்ட்டின் அடியில் பெயிண்ட் படிந்து, அங்கே முறுக்கியிருந்த எர்த் வயர் சரியாகத் தொடாமல் இருந்ததைக் கண்டுபிடித்தோம். உப்புத்தாளால் தேய்த்து முறுக்கியதும் ஆறு கியரும் விழுந்தன.

அதன் பிறகு நான் ஒரு வரிசையை வைத்துக்கொண்டேன். காசும் உழைப்பும் குறைவாகக் கேட்கும் சோதனைகள் முதலில், ஜாக்கி போட்டு இறக்க வேண்டிய வேலை கடைசியில். கீழே வருவது அந்த வரிசைதான். இதில் ஒன்றைத் தாண்டி அடுத்ததற்குப் போனால், அடுத்த சோதனை காட்டும் விடையை நம்ப முடியாது. ஆயில் குறைவாக இருக்கும்போது அழுத்தம் பார்ப்பதும், பேட்டரி இறங்கியிருக்கும்போது, கம்ப்யூட்டரின் தகவலைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை நம்புவதும் அப்படித்தான் ஏமாற்றும்.

எந்த வகைப் பெட்டி என்று உறுதிசெய்து கொள்ளுங்கள்

நம் பக்கத்தில் கிளட்ச் பெடல் இல்லாத வண்டி எல்லாவற்றையும் ஆட்டோமேட்டிக் என்றே சொல்கிறோம். ஆனால் லாரிகளில் இன்று அதிகம் வருவது ஏஎம்டி எனப்படும் வகை. அது சாதாரண மேனுவல் கியர் பெட்டிதான். அதே உலர் கிளட்ச், அதே பல்சக்கரங்கள். கையும் காலும் செய்த வேலையைக் காற்றழுத்தமும் கம்ப்யூட்டரும் செய்கின்றன. அதில் பெட்டி மாற்றிய பின் குறை வந்தால், காற்றழுத்தம் போதுமான அளவு ஏறுகிறதா என்றும், கிளட்ச் பிடிக்கும் இடத்தையும் கியர்களின் இருப்பிடத்தையும் ஸ்கேனர் வழியாகப் புதிதாகக் கற்றுக்கொடுத்தார்களா என்றும் பார்க்க வேண்டும். இந்தக் கட்டுரையில் மின்சாரம் பற்றிய பகுதி மட்டுமே ஏஎம்டிக்குப் பொருந்தும்.

மற்றபடி நான் பேசப்போவது, எஞ்சினின் சுழற்சியை ஆயில் வழியாகப் பெட்டிக்குக் கடத்தும் டார்க் கன்வெர்ட்டரும், ஆயில் அழுத்தத்தால் இறுகும் கிளட்ச் தட்டுகளும், கோள்சக்கர அமைப்பும் கொண்ட முழு ஆட்டோமேட்டிக் பெட்டியைப் பற்றி. குவாரி டிப்பர், தீயணைப்பு வண்டி, சில பேருந்துகள் ஆகியவற்றில் இருப்பதும், போர்வெல் ரிக் உரிமையாளர்கள் விரும்பி வாங்கும் ஆட்டோமேட்டிக் பிக்கப் வண்டிகளில் இருப்பதும் இந்த வகை.

அடுத்து, பழைய பெட்டியில் இருந்த தகட்டையும் புதிய பெட்டியில் உள்ள தகட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். வெளியே பார்க்க ஒன்றுபோலவே இருக்கும் இரண்டு பெட்டிகள் உள்ளே வேறாக இருக்கலாம்: முதல் கியர் விகிதம், டார்க் கன்வெர்ட்டரின் தன்மை, பிடிஓ வசதி (டிப்பர் பம்ப் போன்றவற்றுக்குப் பெட்டியில் இருந்து சக்தி எடுப்பது), ரிடார்டர் (வேகத்தைக் குறைக்கும் துணை பிரேக்), நான்கு சக்கர இயக்கத்துக்கான பின்பகுதி, ஆயிலைக் கிளட்ச்களுக்குப் பிரித்து அனுப்பும் வால்வ் பாடியின் ஆண்டு என்று வேறுபாடுகள் பல உண்டு. விற்பவர் "அதே வண்டிதானுங்க" என்று சொல்வதை மட்டும் நம்பிவிடக் கூடாது. எண்கள் ஒத்துப்போகாவிட்டால், கம்ப்யூட்டரின் நிரலை அந்தப் பெட்டிக்கு ஏற்ப மாற்றாமல் மேலே எதைச் சோதித்தும் பயனில்லை. பெட்டியோடு டயர் அளவையும் மாற்றியிருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். 10.00-20 டயருக்குப் பதில் 11.00-20 போட்டால் சக்கரத்தின் சுற்றளவு சுமார் 3 விழுக்காடு கூடும். அது மட்டும் கியரைக் கெடுக்காது என்றாலும், பின் அச்சின் கிரவுன் விகிதமும் சேர்ந்து மாறியிருந்தால் கியர் மாறும் வேகம் எல்லாமே தள்ளிப்போகும்.

ஆயில்: எவ்வளவு, எது, எந்த நிறம்

பெட்டியை மாற்றிய பின் வரும் குறைகளில் நான் அதிகம் கண்டது ஆயில் குறைவுதான். காலியான டார்க் கன்வெர்ட்டர் தனக்குள்ளேயே பல லிட்டர் ஆயிலை இழுத்துக்கொள்ளும். கூலரும் அதன் குழாய்களும் தம் பங்கை எடுத்துக்கொள்ளும். ஆகவே எஞ்சினை நிறுத்தி வைத்துப் பார்த்த அளவு முதல் தடவை ஓடவிட்டதுமே இறங்கிவிடும். ஓடவிட்டு, பிரேக்கை அழுத்திப் பிடித்து, ஒவ்வொரு கியர் நிலையிலும் சில நொடிகள் நிறுத்தி, பிறகு மீண்டும் அளந்து ஊற்ற வேண்டும்.

அளப்பதற்கும் முறை உண்டு. வண்டி சமதரையில் நிற்க வேண்டும். பெரும்பாலான பெட்டிகளுக்கு எஞ்சின் ஐட்லிங்கில் ஓட வேண்டும். ஆயில் சூடாக இருக்க வேண்டும். குளிர்ந்த ஆயிலில் சரியாக நின்ற அளவு சூடேறியதும் உயரும். அலிசன் நிறுவனப் பெட்டிகளில் ஆயில் அளவு சென்சார் இருந்தால், நியூட்ரலில் கை பிரேக்கைப் போட்டு, பட்டன் பலகையில் மேல் அம்பையும் கீழ் அம்பையும் சேர்த்து அழுத்தினால் போதும். இரண்டு நிமிடம் போல எண்கள் 8 முதல் 1 வரை இறங்கிய பின், குறைவா கூடுதலா என்று அதுவே சொல்லும். அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸ் ஆவதற்கு முன் கேட்டால் பதில் சொல்லாது. அளவுக்கோல் இல்லாத சில பிக்கப் பெட்டிகளில், ஆயில் ஏறத்தாழ 35 முதல் 45 டிகிரி வரை இருக்கும்போது அடியில் உள்ள வழிவுத் திருகைக் கழற்றி, மெல்லிய தாரையாக வழிந்து சொட்டும்வரை ஊற்ற வேண்டும். சித்திரை வெயிலில் நிழல் இல்லாத இடத்தில் நிறுத்திய வண்டிக்கு அந்த வெப்பநிலையில் பிடிப்பதே கடினம், விடியற்காலையில் செய்யுங்கள்.

குறைவான ஆயில் என்ன செய்யும் என்பது பலருக்கும் தெரியும். டி போட்டதும் தாமதமாகப் பிடிக்கும், மேட்டில் எஞ்சின் மட்டும் கத்தும், வளைவில் திரும்பும்போது ஒரு நொடி இழுவை விட்டுப் பிடிக்கும். கூடுதலான ஆயிலும் ஏறக்குறைய அதையே செய்யும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. சுழலும் சக்கரங்கள் ஆயிலைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரையில் உள்ள காற்று அமுங்கும். அமுங்கும் ஆயிலால் கிளட்ச் தட்டுகளை இறுக்க முடியாது.

எந்த ஆயில் என்பது அடுத்த கேள்வி. கடையில் "சிவப்பு ஆயில்" என்றோ "ஸ்டீயரிங் ஆயில்" என்றோ கேட்டு வாங்கி ஊற்றும் வழக்கம் நம்மிடம் உண்டு. நிறம் சாயம் மட்டுமே. டெக்ஸ்ரான் 3, டெக்ஸ்ரான் 6, டொயோட்டாவின் டபிள்யூஎஸ், அலிசனின் டிஇஎஸ் 295 ஆகியவை எல்லாம் சிவப்பாக இருந்தாலும் உராய்வுத் தன்மையில் வேறுவேறானவை. தவறான ஆயிலின் தெளிவான அடையாளம், கன்வெர்ட்டர் லாக் ஆகும் (எஞ்சினும் பெட்டியும் நேராக இணையும்) வேகத்தில், கரடுமுரடான சாலையில் ஓடுவது போல வண்டி சில நொடிகள் அதிர்வது. புத்தகத்தில் எழுதியிருக்கும் தரக் குறியீட்டை மட்டும் பாருங்கள்.

நிறம் பேசும் சந்தர்ப்பம் ஒன்று உண்டு. ஆயில் ரோஸ்மில்க் போல இளஞ்சிவப்பாகக் கலங்கியிருந்தால், ரேடியேட்டருக்குள் இருக்கும் ஆயில் கூலர் உடைந்து கூலன்ட் தண்ணீர் உள்ளே வந்திருக்கிறது. பழைய பெட்டி கெட்டதே அதனால்தானா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ள வேண்டும், ஏனென்றால் கூலன்ட்டில் உள்ள கிளைக்கால் என்ற வேதிப்பொருள் கிளட்ச் தட்டில் உராய்வுப் பட்டையை ஒட்டியிருக்கும் பசையைத் தளர்த்தும். ரேடியேட்டரை மாற்றாமல் எத்தனை பெட்டி போட்டாலும் அத்தனையும் போகும்.

கூலரில் பழைய பெட்டியின் குப்பை

பழைய பெட்டி தட்டு எரிந்தோ பேரிங் உடைந்தோ போயிருந்தால், அதன் தூளும் இரும்புத் துகளும் கூலருக்குள் படிந்திருக்கும். புதிய பெட்டி ஓடத் தொடங்கிய முதல் நாளிலேயே அந்தக் குப்பை திரும்பி வந்து வால்வ் பாடியின் நுண்ணிய துளைகளில் உட்காரும். பெட்டி மாற்றும்போதே கூலரை இரண்டு திசையிலும் சுத்தம் செய்வது முறை. காற்றை மட்டும் அடித்தால் போதாது, ஆயில் அல்லது அதற்கான கரைப்பானைச் செலுத்த வேண்டும். மடிப்பு மடிப்பாகப் பிளேட் அடுக்கிய கூலராக இருந்தால் என் ஆலோசனை, சுத்தம் செய்ய முயலாமல் மாற்றிவிடுவது.

ஏற்கெனவே பொருத்தி முடித்துவிட்டீர்கள் என்றால் ஓட்டத்தையாவது அளந்து பாருங்கள். கூலரில் இருந்து பெட்டிக்குத் திரும்பும் குழாயைக் கழற்றி ஒரு வாளிக்குள் விட்டு, ஐட்லிங்கில் 20 நொடி மட்டும் ஓடவிடுங்கள். பிக்கப் வண்டிகளில் ஏறத்தாழ ஒரு லிட்டர் வர வேண்டும். மிகக் குறைந்தாலோ விட்டுவிட்டு வந்தாலோ எங்கோ அடைப்பு இருக்கிறது. நேரத்தை நீட்ட வேண்டாம், பெட்டி காய்ந்துவிடும். ஆயில் கொதிக்கும் சூட்டில் இருக்கும், கையுறை கட்டாயம். எடுத்த அளவைத் திரும்ப ஊற்றிய பிறகே அடுத்த வேலை.

மின்சாரம்: பாதிப் பிரச்சினை இங்கேதான்

எலக்ட்ரானிக் பெட்டியின் கம்ப்யூட்டர், தனக்கு வரும் செய்தி நம்பகமாக இல்லை என்று கருதினால், பெட்டியைக் காப்பாற்றுவதற்காக நடுக்கியர் ஒன்றிலேயே நிறுத்திவிடும். எங்கள் டிப்பர் மூன்றில் நின்றது அதனால்தான். எந்த வேகத்திலும் ஒரே கியர், டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு, நிறுத்திவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சிறிது தூரம் சரியாக ஓடிப் பிறகு அதே நிலை: இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் ஸ்பானரை வைத்துவிட்டு மல்டிமீட்டரை எடுங்கள்.

முதலில் பேட்டரி. முழுச் சார்ஜில் ஓய்வாக இருக்கும் 12 வோல்ட் பேட்டரி சுமார் 12.6 வோல்ட்டும், 24 வோல்ட் வண்டியின் இரு பேட்டரிகள் சேர்ந்து சுமார் 25.2 வோல்ட்டும் காட்ட வேண்டும். எஞ்சின் ஓடும்போது முறையே 13.8 முதல் 14.5 வரையும், 27.5 முதல் 29 வரையும் இருப்பது இயல்பு. பெட்டி மாற்றும் நாட்களில் வண்டி நின்றுகொண்டே இருப்பதாலும், இன்டீரியர் விளக்கு எரிந்துகொண்டே இருப்பதாலும் பேட்டரி இறங்கியிருப்பது சகஜம்.

அடுத்து எர்த். ஓம் அளவில் பார்த்தால் எர்த் வயர் நன்றாக இருப்பது போலவே காட்டும். சுமை ஏறும்போது மட்டுமே உண்மை தெரியும். எனவே மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் மற்றொரு முனையைக் கியர் பெட்டியின் உடலிலும் வைத்துக்கொண்டு, ஒருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். பிறகு எஞ்சின் ஓட, எல்லா விளக்குகளையும் ஏற்றிவிட்டு, கம்ப்யூட்டரின் எர்த் பின்னிலும் அதே போல அளந்து பாருங்கள். ஓடும்போது 0.1, 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. எங்கள் டிப்பரில் விளக்குகளை ஏற்றியதும் ஒரு வோல்ட்டைத் தாண்டியது. இதை முதல் நாளே அளந்திருந்தால் இரண்டு தடவை இறக்கியிருக்க வேண்டியதில்லை.

கப்ளர்களை நிதானமாகப் பாருங்கள். பெட்டியின் பெரிய கப்ளரைக் கழற்றி, உள்ளே இருக்கும் உலோகப் பின்களில் வளைந்தது, பின்னால் தள்ளப்பட்டது, பச்சை பூத்தது ஆகியவையும் ஆயில் ஈரமும் இருக்கின்றனவா என்று டார்ச் அடித்துத் தேடுங்கள். ஆயில் வயருக்குள்ளேயே ஊர்ந்து கம்ப்யூட்டர்வரை போய்ச் சேர்ந்த வண்டியும் உண்டு. பெட்டியை ஏற்றும் அவசரத்தில் பெல் ஹவுசிங்குக்கும் எஞ்சினுக்கும் நடுவே வயர் நசுங்குவதும், எக்ஸாஸ்ட் குழாயில் சாய்ந்து உருகுவதும் அடிக்கடி நடப்பவை. ஸ்கேனரில் ஓடும் தகவலைப் பார்த்துக்கொண்டே வயரிங்கை இடம் இடமாக அசைத்தால், எந்த இடத்தில் எண் துள்ளுகிறதோ அங்கே குறை.

கேன் எனப்படும் தகவல் தொடர்பு வயர்கள் இரண்டு, ஒன்றோடொன்று முறுக்கியபடி ஓடும். பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டுக்கும் இடையே அளந்தால் 60 ஓம் காட்ட வேண்டும், ஏனென்றால் இரு முனைகளிலும் தலா 120 ஓம் ரெசிஸ்டர் இருக்கிறது. 120 காட்டினால் ஒரு முனை விட்டுப்போயிருக்கிறது. பூஜ்யத்தை ஒட்டிக் காட்டினால் இரண்டும் எங்கோ தொட்டுக்கொள்கின்றன. சேசிஸை நீட்டும்போது சாதாரண வயரை முறுக்காமல் ஒட்டுப்போட்டு இழுப்பது இந்தத் தொடர்பைக் கெடுக்கும்.

இங்கே ஒரு வார்த்தை. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு பக்கம் பாடி கட்டும் தொழில் பெரிது. வெல்டிங் என்பது நமக்குக் கை வந்த கலை. அதனாலேயே கியர் பெட்டியின் தாங்கியை வண்டியிலேயே வைத்து வெல்ட் அடிப்பதை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. பேட்டரியையும் கம்ப்யூட்டரின் கப்ளர்களையும் கழற்றாமல் வெல்ட் அடித்தால், கம்ப்யூட்டர் செத்துப்போகலாம். "பெட்டி மாற்றிய அன்றுதான் கம்ப்யூட்டரும் போச்சு" என்று வரும் வண்டியில், அன்றைக்கு வெல்டிங் நடந்ததா என்று நான் தவறாமல் கேட்பேன்.

ஸ்கேனரில் வரும் குறியீடுகளை அழிப்பதற்கு முன் எழுதி வையுங்கள். பி0700 என்பது கியர் பெட்டியில் ஏதோ குறை என்று எஞ்சின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் செய்தி மட்டுமே. அதை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. பி0705 கியர் நிலை சுவிட்சையும், பி0715 டர்பைன் வேக சென்சாரையும், பி0720 வெளியீட்டு வேக சென்சாரையும், பி0731 முதல் பி0735 வரை முறையே ஒன்று முதல் ஐந்து வரையான கியர்களின் விகிதத்தையும், பி0741 கன்வெர்ட்டர் லாக் ஆகாததையும் குறிக்கின்றன. குறியீடு, குறை எந்தப் பாதையில் என்று சொல்கிறதே தவிர எந்தப் பாகத்தை மாற்ற வேண்டும் என்று சொல்வதில்லை.

லீவரும் கேபிளும்

பட்டன் பலகை உள்ள வண்டிக்காரர்கள் இதைத் தாண்டிச் செல்லலாம். லீவர் வண்டியில், உள்ளே லீவர் என் காட்டும்போது பெட்டியில் உள்ள நெம்புகோலும் மிகச் சரியாக நியூட்ரல் பள்ளத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். சிறிது விலகினாலும் உள்ளே உள்ள மேனுவல் வால்வ் பாதி திறந்து, அழுத்தம் பாதியாகிக் கிளட்ச் தட்டுகள் நழுவியே எரியும். பி, என் இரண்டில் மட்டுமே ஸ்டார்ட் ஆகிறதா, ஆர் போட்டதும் உடனே ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்பதே எளிய சோதனை. பழைய வகைப் பெட்டிகளில் ஆக்ஸிலேட்டரோடு இணைந்த திராட்டில் கேபிள் இருந்தால், அதன் இழுவிசையைப் புத்தகப்படி சரிசெய்யாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள்; அந்தக் கேபிள்தான் பெட்டியின் அழுத்தத்தைத் தீர்மானிக்கிறது.

எண்களைப் பேசவிடுங்கள்: விகிதக் கணக்கு

காதால் கேட்டும் உடம்பால் உணர்ந்தும் சொல்வதைவிட, ஸ்கேனரில் இரண்டு எண்களைப் பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். டர்பைன் வேகத்தை (பெட்டிக்குள் நுழையும் சுழற்சி) வெளியீட்டு வேகத்தால் (பெட்டியை விட்டு வெளியேறும் சுழற்சி) வகுத்தால் வருவதுதான் அந்தக் கணத்தில் பெட்டி உண்மையில் தரும் கியர் விகிதம்.

நான் அதிகம் கையாண்ட அலிசன் 3000 வரிசையை எடுத்துக்கொள்வோம். அதன் முன்கியர் விகிதங்கள் 3.49, 1.86, 1.41, 1.00, 0.75, 0.65. வண்டி இரண்டாவது கியரில் ஓடுவதாகத் திரை சொல்லும்போது டர்பைன் 1,395, வெளியீடு 750 என்று வந்தால் விகிதம் 1.86, கியர் முழுமையாகப் பிடித்திருக்கிறது. அதே 750க்கு டர்பைன் 1,620 காட்டினால் விகிதம் 2.16; உள்ளே ஏதோ ஒரு கிளட்ச் நழுவுகிறது. முதல் கியரில் 0.29 போன்ற எண் வந்தால் பதற வேண்டாம், 1 ஐ 3.49 ஆல் வகுத்தால் அதுதான் வரும். டர்பைன் சென்சாருக்கும் வெளியீட்டு சென்சாருக்கும் போக வேண்டிய வயர்கள் இடம் மாறியிருக்கின்றன. எண் நிலையாக ஓடாமல் துள்ளினாலோ திடீரெனப் பூஜ்யமானாலோ, சென்சாரின் முனையில் இரும்புத் தூள் ஒட்டியிருக்கிறதா, பல்சக்கரத்துக்கும் அதற்கும் உள்ள இடைவெளி சரியா, புதிய பெட்டியில் உள்ள பல்சக்கரத்தின் பற்களின் எண்ணிக்கை கம்ப்யூட்டர் எதிர்பார்க்கும் எண்ணிக்கையா என்று பாருங்கள்.

நழுவுவது உறுதியானால், எந்தக் கிளட்ச் என்பதைப் பெட்டியைத் திறக்காமலே சொல்ல முடியும். இந்த வரிசைப் பெட்டியில் ஐந்து கிளட்ச்கள் இருக்கின்றன. ஒவ்வொரு கியருக்கும் இரண்டு கிளட்ச் சேர்ந்து பிடிக்கின்றன. முதல் கியருக்குச் சி1, சி5. இரண்டுக்குச் சி1, சி4. மூன்றுக்குச் சி1, சி3. நான்குக்குச் சி1, சி2. ஐந்துக்குச் சி2, சி3. ஆறுக்குச் சி2, சி4. ரிவர்ஸுக்குச் சி3, சி5. இதை ஒரு தாளில் எழுதிவைத்துக்கொண்டு வண்டியை ஓட்டுங்கள். ஒன்று முதல் நான்கு வரை நழுவி, ஐந்தும் ஆறும் ரிவர்ஸும் நன்றாக இருந்தால் குற்றவாளி சி1. மூன்றும் ஐந்தும் ரிவர்ஸும் மட்டும் தகராறு செய்தால் சி3. முதல் கியரும் ரிவர்ஸும் மட்டும் என்றால் சி5. இரண்டும் ஆறும் என்றால் சி4. ரிவர்ஸ் உட்பட எல்லாமே நழுவினால் ஐந்து கிளட்ச்சும் ஒரே நாளில் கெட்டிருக்க வாய்ப்பில்லை; எல்லாவற்றுக்கும் பொதுவான ஆயில், ஃபில்டர், பம்ப் ஆகியவற்றுக்குத் திரும்பிப் போங்கள். பிக்கப் வண்டிகளின் பெட்டிகளுக்கும் இதே போன்ற அட்டவணை பழுதுபார்ப்புப் புத்தகத்தில் இருக்கும். அந்த ஒரு பக்கத்தைப் படமெடுத்துக் கைபேசியில் வைத்திருப்பது ஸ்பானர் செட் வைத்திருப்பதற்குச் சமம்.

குறிப்பிட்ட கிளட்ச் தெரிந்த பிறகும் இறக்க அவசரப்பட வேண்டாம். அந்தக் கிளட்ச்சுக்கு ஆயிலை அனுப்பும், மின்சாரத்தால் இயங்கும் சோலனாய்டும் வால்வும் சம்ப்புக்கு மேலேதான் இருக்கின்றன. சம்ப்பைக் கழற்றினால் பெட்டி வண்டியிலேயே இருக்க அவற்றை எடுத்துவிடலாம். சோலனாய்டை ஓமில் அளந்து பக்கத்தில் உள்ள அதே வகைச் சோலனாய்டோடு ஒப்பிடுங்கள். 12 வோல்ட் பிக்கப்களில் திறந்து மூடும் வகை பொதுவாக 10 முதல் 30 ஓமும், அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் வகை 3 முதல் 6 ஓமும் காட்டும். 24 வோல்ட் வண்டிகளுக்கு எண் வேறு, புத்தகத்தைப் பாருங்கள்.

கம்ப்யூட்டருக்குப் புதிய பெட்டியை அறிமுகப்படுத்துதல்

ஒவ்வொரு கிளட்ச்சும் இறுகுவதற்கு எவ்வளவு ஆயில், எத்தனை மில்லி நொடி தேவை என்பதைக் கம்ப்யூட்டர் ஓட ஓடக் கற்று நினைவில் வைத்திருக்கும். நீங்கள் பெட்டியை மாற்றினாலும் அதன் நினைவில் இருப்பது தேய்ந்துபோன பழைய பெட்டியின் கணக்கு. அதனால்தான் புத்தம் புதிய பெட்டிகூட முதல் நாளில் உதைக்கிறது. பழைய கற்றலை ஸ்கேனர் வழியாக அழித்து, வேகமாகக் கற்கும் நிலைக்குக் கொண்டுவர வேண்டும்; பேட்டரியைக் கழற்றி மாட்டினால் பெரும்பாலான வண்டிகளில் இது நடக்காது. சில பெட்டிகளின் மேல் நீண்ட எண்கள் அச்சிட்ட சீட்டு ஒட்டியிருக்கும். அது அந்தப் பெட்டியின் சோலனாய்டுகளின் தனித்தன்மையைச் சொல்வது. அதைக் கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பெட்டியைத் தண்ணீர் அடித்துக் கழுவும் முன் அந்தச் சீட்டைப் படமெடுத்து வையுங்கள்.

கற்றுக்கொடுக்கும் ஓட்டம் பொறுமையைக் கேட்கும். ஆயில் 70 டிகிரிக்கு மேல் சூடான பின், காலி வண்டியில், ஆக்ஸிலேட்டரை மெதுவாகவும் ஒரே நிலையாகவும் மிதித்து, நின்ற நிலையில் இருந்து மேல் கியர்வரை சென்று, மெதுவாகப் பிரேக் பிடித்து முழுதும் நிறுத்துங்கள். இதைப் பத்துப் பதினைந்து முறை செய்யுங்கள். பிறகு நடுத்தர மிதியில் சில முறை. ஒவ்வொரு சுற்றிலும் உதைப்பு குறைந்துகொண்டே வந்தால் கற்கிறது என்று பொருள். குறையாமல் இருந்தாலோ கூடினாலோ உடனே நிறுத்துங்கள்; "ஓட ஓடச் சரியாகும்" என்று சொல்லிச் சுமை ஏற்றி அனுப்பியதால் எரிந்த பெட்டிகளை நான் கண்டிருக்கிறேன்.

சாலையில்

நியூட்ரலில் இருந்து டி போட்டால் பிக்கப் வண்டிகளில் சுமார் 1.2 நொடிக்குள்ளும், ஆர் போட்டால் 1.5 நொடிக்குள்ளும் பிடிக்க வேண்டும். கைபேசியின் நொடி கடிகாரமே போதும். பிறகு சேலம் கோயம்புத்தூர் நான்குவழிச் சாலை போன்ற சமதளத்தில் எல்லாக் கியர்களையும் கன்வெர்ட்டர் லாக்கையும் பார்த்துவிட்டு, அதன் பின்னரே மேடு. பிக்கப் என்றால் 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை நல்ல தேர்வு: அங்கே முதல் இரண்டு கியர்களுக்கு இடையே ஓயாத மாற்றமும், இறங்கும்போது கியரால் வேகத்தைக் கட்டுப்படுத்துவதும் ஒரே பயணத்தில் சோதிக்கப்பட்டுவிடும். திம்பத்தின் 27 வளைவுகளில் சரக்கு வண்டியைச் சோதிக்க நினைப்பவர்கள், அங்கே இரவுப் போக்குவரத்துத் தடை இருப்பதை மனத்தில் வைத்துப் பகலில் செல்லுங்கள். அந்த வளைவுகளில் வண்டி நின்றால் உங்களுக்குப் பின்னால் இரு மாநிலப் போக்குவரத்தும் நிற்கும் என்பதால், சமதளச் சோதனையில் தேறாத வண்டியை அங்கே கொண்டுபோகவே வேண்டாம்.

மேட்டில் ஆயில் வெப்பத்தைப் பார்த்துக்கொண்டே இருங்கள். குளிரில் நன்றாக ஓடி, சூடேறிய பின் மட்டும் நழுவினால், ஃபில்டரின் ஓ-ரிங் விட்டுப்போய்ப் பம்ப் காற்றை உறிஞ்சுவதோ, அழுத்தம் எங்கோ கசிவதோ காரணமாக இருக்கலாம். கியர் மாறும் கணத்தில் அடியில் "தொம்" என்று இடிப்பது எல்லாமே பெட்டியின் குறை என்று எண்ணாதீர்கள். தளர்ந்த மவுன்டிங் ரப்பரும், தேய்ந்த யூனிவர்சல் ஜாயிண்ட்டும், குறியிட்ட இடத்தில் பொருத்தாத புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் அதே சத்தத்தைத் தரும்.

அழுத்தமும் ஸ்டால் சோதனையும்

இதுவரை விடை கிடைக்கவில்லை என்றால் மட்டும் அழுத்த மீட்டரை மாட்டுங்கள். ஐட்லிங்கில், குளிரில் ஒன்று, முழுச் சூட்டில் ஒன்று என இரண்டு அளவுகளை எடுத்துப் புத்தகத்தோடு ஒப்பிட வேண்டும். சூட்டில் மட்டும் சரிந்தால் பம்ப் அல்லது உட்கசிவு.

வண்டியை நகரவிடாமல் எஞ்சின் எவ்வளவு வேகம் ஏறுகிறது என்று பார்ப்பதே ஸ்டால் சோதனை. அதில் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை வைத்து, கை பிரேக்கும் கால் பிரேக்கும் முழுதாகப் போட்டு, வண்டியின் முன்னும் பின்னும் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டு, டி போட்டு முழு ஆக்ஸிலேட்டர் மிதிக்க வேண்டும். ஐந்து நொடிக்கு மேல் ஒருபோதும் கூடாது. பிறகு நியூட்ரலில் இரண்டு நிமிடம் ஆற விடுங்கள். எஞ்சின் வேகம் குறித்த அளவைத் தாண்டி ஏறினால் கிளட்ச் நழுவுகிறது. சற்றே குறைந்தால் எஞ்சினில்தான் சக்திக் குறைவு. ஏர் ஃபில்டரும் டர்போவும் பார்க்க வேண்டியவை. குறித்த அளவில் மூன்றில் ஒரு பங்கு குறைந்துபோனால், கன்வெர்ட்டருக்குள் ஸ்டேட்டரின் ஒருவழிக் கிளட்ச் போயிருக்கிறது.

இறக்கியே ஆக வேண்டும் என்றால்

இறக்கும் முடிவுக்கு வந்தால், கன்வெர்ட்டர் உட்கார்ந்த விதத்தை முதலில் பாருங்கள். கன்வெர்ட்டர் பெட்டிக்குள் மூன்று கட்டமாக இறங்கி உட்கார வேண்டும்: டர்பைன் தண்டில் ஒன்று, ஸ்டேட்டர் தண்டில் ஒன்று, பம்ப் பற்களில் ஒன்று. மூன்றாவது கட்டத்தில் உட்காராமல் பெல் ஹவுசிங் போல்ட்டுகளை முறுக்கி இழுத்தவர்கள், பம்ப்பை அப்போதே உடைத்துவிட்டார்கள். பெட்டியை எஞ்சினோடு சேர்த்த பின், எஞ்சினோடு கன்வெர்ட்டரை இணைக்கும் ஃபிளெக்ஸ் பிளேட்டில் போல்ட் போடுவதற்கு முன், கன்வெர்ட்டர் கையால் சுழல வேண்டும்; பிளேட்டுக்கும் அதற்கும் இடையே பல பிக்கப் பெட்டிகளில் சுமார் 3 முதல் 5 மி.மீ. இடைவெளி இருக்க வேண்டும். எஞ்சின் பிளாக்கில் இருக்க வேண்டிய, பெட்டியை நேராக உட்கார வைக்கும் இரண்டு டவல் பின்களும் இருக்கின்றனவா என்று தொட்டுப் பாருங்கள். ஒன்று இல்லாவிட்டாலும் பெட்டி மயிரிழை விலகி உட்கார்ந்து, சில ஆயிரம் கிலோமீட்டருக்குள் பம்ப் புஷ்ஷும் முன் ஆயில் சீலும் தேயும். ஃபிளெக்ஸ் பிளேட்டில் விரிசல் இருக்கிறதா என்று போல்ட் துளைகளைச் சுற்றித் துடைத்துப் பாருங்கள். ஃபில்டரை மாற்றும்போது பழைய சீல் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேலேயே புதியதைப் போட்டிருக்கிறார்களா என்றும் விரலை விட்டுத் தடவுங்கள்.

ஏற்றுவதற்கு முன் கன்வெர்ட்டருக்குள் சரியான ஆயிலை ஒரு லிட்டராவது ஊற்றி, மெதுவாகச் சுழற்றி நிரப்புங்கள். பொருத்தி, மேலே சொன்ன எர்த், கப்ளர், ஆயில் மூன்றையும் புதிதாகவே சோதித்து, கற்றலை அழித்துவிட்டு ஓட்டுங்கள். 500 கிலோமீட்டர் ஆனதும் வண்டியைத் திரும்ப வரச்சொல்லி ஆயில் அளவையும் மவுன்டிங் போல்ட்டுகளையும் பாருங்கள். அளவுக்கோல் முனையில் இருக்கும் ஆயிலை வெள்ளைத் தாளில் தொட்டு வைத்து, கருகிய வாடை இருக்கிறதா என்று முகர்ந்துவிட்டு, ஸ்கேனரில் பதிந்திருக்கும் குறியீடுகளை இன்னொரு முறை படித்துக்கொள்ளுங்கள்.